கடலடி கேமரா கிட்டில் எதற்கு இன்சூரன்ஸ் எடுப்பது, எதை விட்டுவிடுவது?

அலைமகள், கோயம்புத்தூர்

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபரில் இந்தோனேசியாவில் லெம்பே போகிறேன். இதுவரை ஹேவ்லாக், புதுச்சேரி, நேத்ராணி என்று உள்நாட்டில்தான் டைவ் செய்திருக்கிறேன். கேமரா கிட் முழுவதையும் தூக்கிக்கொண்டு விமானம் மாறி விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. அதனால் இன்சூரன்ஸ் விசாரிக்க ஆரம்பித்தேன், ஆரம்பித்ததிலிருந்து குழப்பம்தான்.

என்னிடம் இருப்பது இது. சோனி ஏ6400, கூடவே வந்த 16-50 லென்ஸ், இரண்டும் சேர்த்து 86,000 ரூபாய். அதற்கான நாட்டிகாம் ஹவுசிங் (கேமராவை உள்ளே வைக்கும் நீர்புகாப் பெட்டி), லென்ஸுக்கு முன்னால் வரும் ஃபிளாட் போர்ட் என்ற கண்ணாடி, கசிவு சோதிக்கும் வேக்குவம் பம்ப் எல்லாம் சேர்த்து 1,45,000. இனான் இசட்-330 ஸ்ட்ரோப் (கடலடி ஃபிளாஷ்) இரண்டு, 1,24,000. தண்ணீருக்குள் போர்ட்டின் முன்னால் மாட்டும் வெட் லென்ஸ் இரண்டு: அகன்ற காட்சி எடுக்கும் வைடுக்கு டபிள்யூடபிள்யூஎல்-சி 85,000, சின்ன உயிர்களை நெருங்கி எடுக்கும் மேக்ரோவுக்கு சிஎம்சி-1 32,000. ஸ்ட்ரோப்பைத் தாங்கும் கை, கிளாம்ப், அதை எரியவைக்கும் ஃபைபர் கேபிள் வகையில் 30,000. ஃபோகஸ் லைட் 18,000. கூட்டினால் 5,20,000. நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பல வருடம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சிலவற்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்த கிட் இது. ஒரு நாளில் போய்விட்டால் மறுபடி சேர்க்க என்னால் முடியாது.

ஏஜென்ட் ஒருவர் மொத்தத்துக்கும் பாலிசி தருகிறேன் என்கிறார். ஆண்டு பிரீமியம் 11,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. தண்ணீர் புகுந்தால் கிடைக்குமா என்று கேட்டேன். "ஃபிளட் எல்லாம் சேர்ந்தே இருக்கு மேடம்" என்றார். பாலிசி வாசகத்தை அனுப்பச் சொன்னால் அனுப்பவில்லை.

என் கேள்வி: மொத்தத்துக்கும் எடுக்க வேண்டுமா, சிலதுக்கு மட்டும் போதுமா? சிலதுக்கு என்றால் எதற்கு? திருட்டு, தொலைந்துபோவது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என் பயம் ஹவுசிங்குக்குள் தண்ணீர் போவதுதான்.


நீலாங்கரைக்காரன்

மொத்தத்துக்கும் எடுத்துவிடுங்கள், எதற்கு வம்பு. லெம்பே கருமணல் எரிமலை மணல், மாவு மாதிரி இருக்கும், ஹவுசிங் மூடியை அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் போய் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. டான் (டைவர்களுக்கு உதவும் அமைப்பு) மெம்பர்ஷிப் இருந்தால் அதிலும் ஏதாவது கிடைக்கிறதா என்று பாருங்கள்.


ஹந்து ஞாயிறு, சிங்கப்பூர்

டானை இதற்குள் இழுக்க வேண்டாம். அது டைவருக்கான காப்புறுதி. டீகம்ப்ரெஷன் நோய் (மேலே வரும்போது அழுத்தம் குறைந்து உடலில் வாயுக் குமிழ் உண்டாவது) வந்தால் அழுத்த சேம்பரில் சிகிச்சை, படகிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு, இதற்குத்தான். அதை அவசியம் வைத்திருங்கள், ஆனால் கேமரா நனைந்தால் அதைக் காட்டி ஒன்றும் கேட்க முடியாது.

அலைமகள், விலைப்பட்டியலைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இதற்குள் ஒரு கரண்டி கடல்நீர் போனால் இது செத்துவிடுமா?

வெட் லென்ஸ் சாகாது. அது கண்ணாடியும் அலுமினியமும்தான். போர்ட்டுக்கும் அதற்கும் நடுவில் தண்ணீர் நிற்க வேண்டும் என்றே செய்திருக்கிறார்கள். கை, கிளாம்ப் சாகாது. ஃபைபர் கேபிளில் வெறும் வெளிச்சம்தான் போகிறது, அங்கே தண்ணீர் நுழைய வழியே இல்லை. கேமராவையும் ஸ்ட்ரோப்பையும் மின்சாரத்தால் இணைக்கிற பழைய மின் சிங்க் கேபிள் என்றால் கதை வேறு. அதன் பிளக்கில் தனி ஓ-ரிங் உண்டு, ஹவுசிங் நனைய அதுவும் ஒரு வாசல். நீங்கள் ஃபைபரில் இருப்பதால் அந்தக் கவலை இல்லை. ஆக, உங்கள் கணக்கில் 1,17,000 ரூபாய் வெட் லென்ஸும் 30,000 ரூபாய் கைகளும் தண்ணீர் புகும் ஆபத்தே இல்லாதவை. அவற்றைத் தொலைக்கலாம், திருட்டுக் கொடுக்கலாம், கீழே போட்டுக் கீறலாம். தண்ணீர் புகுவதற்கென்று அவற்றுக்குப் பிரீமியம் கட்டுவது வீண்.

ஹவுசிங்கும் பெரும்பாலும் சாகாது. நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஓ-ரிங் எல்லாம் மாற்றினால் திரும்ப வேலை செய்யும். உள்ளே இருக்கும் வேக்குவம் சென்சார் போர்டு போகலாம், அதைத் தனியாக வாங்கலாம்.

சாகிறவை மூன்று: கேமராவும் லென்ஸும், ஸ்ட்ரோப், ஃபோகஸ் லைட். பேட்டரி உள்ளே இருக்கும்போதே உப்புத் தண்ணீர் சர்க்யூட்டில் பட்டால் என்ன ஆகும் என்பதை வேதியியல் ஆசிரியைக்கு நான் சொல்லத் தேவையில்லை. மின்பகுப்பு உடனே தொடங்கிவிடும், செம்புத் தடங்கள் நிமிடக் கணக்கில் பச்சை பூக்கும். லென்ஸிலும் மோட்டார், சர்க்யூட் இருப்பதால் அதுவும் கூடவே போகும். இந்த மூன்றும் சேர்த்து உங்கள் கணக்கில் 2,28,000 ரூபாய். மொத்தத்தில் பாதிகூட இல்லை.

ஸ்ட்ரோப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே கணக்கு நேராக இல்லை. அன்றாடம் திறந்து மூடுகிற இடம் பேட்டரி மூடிதான், தண்ணீர் போவதும் அநேகமாக அந்த வழியில்தான். இப்போது வருகிற பல ஸ்ட்ரோப்களில் பேட்டரி அறைக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே தடுப்பு இருக்கிறது. பேட்டரி அறை மட்டும் நனைந்தால் தொடுமுனைகளைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டிவிடலாம். அப்படி நனைந்த ஸ்ட்ரோப்பைத் திறக்கும்போது மூடியை முகத்துக்கு நேராக வைக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சேர்ந்து அழுத்தத்தோடு இருக்கும், மூடி தெறிக்கும். இன்னொன்று, இரண்டு ஸ்ட்ரோப்பும் ஒரே நாளில் நனைவது ரொம்ப அபூர்வம். ஒன்று போனாலும் மற்றொன்றை வைத்து மேக்ரோ எடுத்துக்கொண்டே இருக்கலாம், லெம்பேயில் நீங்கள் எடுக்கப்போவது பெரும்பாலும் மேக்ரோதான். அதனால் ஸ்ட்ரோப்புக்கு எடுப்பதா வேண்டாமா என்பது, 62,000 ரூபாயை ஒரே தடவையில் கையிலிருந்து போட முடியுமா என்பதைப் பொறுத்தது. முடியும் என்றால் விட்டுவிடலாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். தண்ணீர் புகுந்தால் வருகிற பெரிய நஷ்டம் நனைந்த பொருளில் இல்லை, நனையாத பொருளில் இருக்கிறது.

உங்கள் ஹவுசிங் ஏ6400க்கு என்று கடைந்தது. ஒவ்வொரு பட்டனும் அந்த பாடியின் பட்டன் இருக்கும் இடத்தில் அளவெடுத்து வைத்தது. அந்த பாடி 2019ல் வந்தது. அது நனைந்து செத்து, கடையில் அதே மாடல் கிடைக்கவில்லை என்றால், 86,000 ரூபாய் கேமராவோடு 1,45,000 ரூபாய் ஹவுசிங்கும் பயனில்லாமல் போகிறது. ஹவுசிங்குக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. இன்சூரன்ஸ்காரர் பார்த்துவிட்டு, "ஹவுசிங் நன்றாகத்தானே இருக்கிறது" என்பார். அவர் சொல்வதும் சரிதான், அவர் காப்புறுதி தந்தது பொருளுக்கு நேரும் சேதத்துக்கு. என்னோடு ஞாயிற்றுக்கிழமைகளில் புலாவ் ஹந்துவில் இறங்குகிற நண்பருக்கு இதுதான் நடந்தது. கேமராவுக்குத் தேய்மானம் கழித்துக் காசு வந்தது. அந்தக் காசில் வாங்க அதே மாடல் சந்தையில் இல்லை. புது மாடல் வாங்கினால் புது ஹவுசிங் வாங்க வேண்டும். மாதக்கணக்கில் தேடி, ஹாங்காங்கில் ஒரு பழைய பாடியைப் பிடித்தார்.

அதனால் என் யோசனை, பிரீமியம் பற்றி முடிவெடுப்பதற்கு முன்னால் இரண்டாவதாக ஒரு ஏ6400 பாடி செகண்ட் ஹேண்டில் வாங்கி வையுங்கள். 16-50 லென்ஸும் பழையது மலிவாகக் கிடைக்கும், அதையும் சேர்த்து. ஹவுசிங்கின் ஆயுளை நீட்டிக்கிற காப்பீடு அதுதான், வேறு எந்தக் கம்பெனியும் அதைத் தராது. இன்னொரு பலனும் உண்டு. லெம்பேயில் இரண்டாம் நாள் கேமரா நனைந்தால், இன்சூரன்ஸ் பணம் நீங்கள் ஊருக்குத் திரும்பி வாரக்கணக்கில் கழித்து வரும். பையில் இருக்கிற பாடி அன்று மதிய டைவுக்கே வரும்.

கடைசியாக ஒன்று, இதைப் பாலிசி படிக்கும்போது மனதில் வையுங்கள். ஆழம் கூடக் கூட ஓ-ரிங் இன்னும் இறுக்கமாகத்தான் உட்காரும். பத்து மீட்டரில் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு அழுத்தம், அது மூடியைச் சேர்த்துப் பிடிக்கிறது. சரியாக உட்காராத ஓ-ரிங்கில் தண்ணீர் நுழைவது குதித்த உடனே, மேலே இருக்கும் முதல் சில மீட்டரில். இல்லையென்றால் படகில் இருக்கிற அலசும் தொட்டியில். பத்துப் பேர் கேமரா ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், ஒன்றின் கைப்பிடி இன்னொன்றின் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கும், யாரோ தூக்கும்போது தாழ்ப்பாள் நகரும். ஆகவே "டைவ் செய்யும்போது" மட்டும் என்று பாலிசியில் இருந்தால் அது பாதிப் பாதுகாப்புதான். படகில், தொட்டியில், ரிசார்ட்டின் கேமரா மேசையில் நடப்பதும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், உங்கள் கேமராவைத் தொட்டியில் ஊறப்போடாதீர்கள். நீங்களே முக்கி, பட்டன்களை அழுத்தி அலசி, உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

வெட் லென்ஸ் பாதை எடுத்திருக்கிறீர்கள், அது நல்ல தேர்வு. வைடிலிருந்து மேக்ரோவுக்குத் தண்ணீருக்குள்ளேயே மாற்றலாம், போர்ட் கழற்றத் தேவையில்லை. காலையில் ஒரு தடவை மூடி, வேக்குவம் பிடித்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று அரை மணி நேரமாவது பார்த்துவிட்டு, பேட்டரி தாங்கும்வரை திறக்காமலே ஓட்டலாம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும்தான் முடியோ மணலோ ஓ-ரிங்கில் ஒட்டுகிறது.


அலைமகள்

அண்ணா, ரொம்ப நன்றி. ஹவுசிங் அனாதையாகிவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பட்டியலை இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன்.

இரண்டு சந்தேகம். ஏஜென்ட் சொன்ன "ஃபிளட்" பற்றி யாராவது தெரிந்தவர்கள் சொல்ல முடியுமா? அப்புறம், புதுச்சேரியில் ஒரு டைவ் சென்டருக்கு அவ்வப்போது விருந்தினர்களைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். காசு தருவதும் உண்டு, அதற்குப் பதில் டைவ் தருவதும் உண்டு. இது பாலிசியைப் பாதிக்குமா?


ஓய்வு பெற்ற சர்வேயர், சென்னை

அம்மா, முப்பது வருடத்துக்கு மேல் பொதுக் காப்பீட்டில் சர்வேயராக, அதாவது கிளெய்மில் இழப்பை மதிப்பிடுகிறவனாக, இருந்தவன் நான். டைவிங் தெரியாது, ஆனால் தண்ணீர் பட்ட எலெக்ட்ரானிக்ஸ் கிளெய்ம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த ஏஜென்ட் சொன்னது. வீடு, தீ வகைப் பாலிசிகளில் புயல், வெள்ளம், நீர் சூழ்தல் என்று ஒரு பிரிவு இருக்கும். சென்னையில் 2015 டிசம்பரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததே, அந்த மாதிரி இயற்கை வெள்ளத்துக்கு அது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசியிலும் வெள்ளம் உண்டு. வீட்டு அலமாரியில் இருக்கும் கேமரா மழை வெள்ளத்தில் போனால் அதில் கேட்கலாம். நீங்களே கடலுக்குள் கொண்டுபோன பெட்டியில் தண்ணீர் கசிந்தால் அந்தப் பிரிவில் ஒரு ரூபாய்கூட நகராது. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லமாட்டேன், நீங்கள் கேட்டது ஹவுசிங்குக்குள் தண்ணீர் புகுவதை என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கிளெய்ம் வரும்போது அவர் வாயால் சொன்னது எங்கும் நிற்காது. புரபோசல் படிவமும் பாலிசி வாசகமும்தான் நிற்கும்.

உங்களுக்கு வேண்டியது ஆல் ரிஸ்க் வகைப் பாலிசி. பொருள் ஒவ்வொன்றும் சீரியல் எண்ணோடு, தனித்தனித் தொகையோடு அட்டவணையில் வர வேண்டும். எந்த நாடு வரை செல்லும் என்பதையும் பாருங்கள். இந்தியாவுக்குள் மட்டும் என்று இருந்தால் லெம்பேக்கு உதவாது.

அந்தப் பெயரைப் பார்த்து எல்லா ஆபத்துக்கும் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. விலக்குகளைப் படியுங்கள். தேய்மானம், படிப்படியாகக் கெட்டுப்போவது, மின்சார அல்லது இயந்திரக் கோளாறு, தயாரிப்புக் குறை, இவை எல்லாம் வழக்கமாக விலக்கு. உங்கள் விஷயத்தில் சண்டை வரப்போவது இந்த இடத்தில்தான். சர்வேயர் கேட்கிற முதல் கேள்வி, தண்ணீர் ஏன் புகுந்தது என்பது. ரப்பர் வளையம் பழசாகி வெடித்திருந்தால், அது தேய்மானம் என்று எழுத இடம் இருக்கிறது. அதனால் வளையம் மாற்றிய பில், ஹவுசிங்கை சர்வீஸ் கொடுத்த பில், எல்லாவற்றையும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நானே கோப்பில் இப்படிப் பில் இருந்த கிளெய்ம்களுக்கு "எதிர்பாராத விபத்து" என்று தயங்காமல் எழுதியிருக்கிறேன். பில் இல்லாதபோது எழுதக் கை வராது.

காசுக்குப் படம் எடுப்பதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். தனிப்பட்ட உபயோகம் என்று எழுதிவிட்டு, நனைந்த அன்று டைவ் சென்டருக்காக வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்று தெரிந்தால், கிளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே கேள்விக்குள்ளாகும். காசுக்குப் பதில் டைவ் தந்தாலும் அது கூலிதான். பிரீமியம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும்.

தொகை விஷயம். தேய்மானம் கழித்துத் தருகிறார்களா, புதிதாக வாங்கும் விலையைத் தருகிறார்களா என்று கேளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியதற்குப் பில் இல்லை என்றால் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், நனைந்த பிறகு பேச முடியாது. பிரீமியம் குறையட்டும் என்று தொகையைக் குறைத்துப் போடாதீர்கள். 86,000 பெறுமான பொருளை 43,000க்குப் போட்டால், 20,000 ரூபாய் ரிப்பேர் வந்தாலும் 10,000தான் கையில் வரும், அதிலும் எக்ஸஸ் (ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) கழியும். பொருளைப் பட்டியலிலிருந்து முழுதாக எடுத்துவிடலாம், அது உங்கள் உரிமை. பட்டியலில் வைத்துக்கொண்டு மதிப்பைக் குறைப்பதுதான் ஆபத்து. சிங்கப்பூர்த் தம்பி சொன்ன மாதிரி வெட் லென்ஸ், கைகளை எடுத்துவிட்டு, இருப்பதற்கு முழு மதிப்பு போடுங்கள்.

கம்பெனிக்கு, ஏஜென்டுக்கு அல்ல, ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்: "இந்தக் கேமராவை நீர்புகா ஹவுசிங்கில் வைத்து 30 மீட்டர் ஆழம் வரை கடலுக்கடியில் பயன்படுத்துகிறேன். சில சமயம் கட்டணம் பெற்றும் படம் எடுக்கிறேன். டைவ் செய்யும்போதோ, படகிலோ, அலசும் தொட்டியிலோ ஹவுசிங்குக்குள் எதிர்பாராமல் தண்ணீர் புகுந்து கேமரா, லென்ஸ், ஸ்ட்ரோப் சேதமானால் இந்தப் பாலிசியில் இழப்பீடு உண்டா? உண்டு என்றால் எந்தப் பிரிவில்?" பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். பதில் வராத கம்பெனியில் எடுக்க வேண்டாம்.

நனைந்துவிட்டால் செய்ய வேண்டியது. முதலில் நீங்கள் பத்திரமாக மேலே வாருங்கள். பேட்டரியை எடுத்துவிடுங்கள். திறந்த நிலையில், தண்ணீர் தெரிகிற மாதிரி போனில் படம் எடுங்கள், சீரியல் எண்ணும் அதில் வரட்டும். படகுக்காரரிடமோ டைவ் சென்டரிலோ தேதி போட்டு இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அன்றைக்கே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். நனைந்த கேமராவைத் தூக்கிப் போடவோ உதிரிக்கு விற்கவோ கூடாது, அது சால்வேஜ் (சேதமான பிறகு மிஞ்சும் பொருள்), கம்பெனி கேட்கும். ஊர் திரும்பியதும் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் வாங்குங்கள். ரிப்பேருக்கு லாயக்கில்லை என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

மறுத்துவிட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்களும் மறுத்தால், அல்லது ஒரு மாதம் பதில் இல்லை என்றால், சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் (காப்பீட்டுக் குறைகேள் அதிகாரி) அலுவலகம் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.


திருமலைக் கடல், திருகோணமலை

இங்கே ஒரு சின்னக் கருத்து. அக்காவின் கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை, ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு உதவும்.

நான் சீசனில் புறாத்தீவிலும் சுவாமி மலை அடியிலும் டைவ் பண்ணுகிறேன். என்னுடையது ஒலிம்பஸ் டிஜி-6 கமராவும் அதன் பிடி-059 ஹவுசிங்கும். இதற்குக் காப்புறுதி எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. காரணம், அந்தக் கமரா தன் பாட்டிலேயே 15 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும். ஹவுசிங் 45 மீட்டருக்கு. சிங்கப்பூர் அண்ணா சொன்னதுபோல ஹவுசிங்குக்குள் தண்ணீர் வருவது அநேகமாக மேலே, முதல் சில மீட்டரில். அந்த இடத்தில் கமரா தன் கதவுகள் ஒழுங்காகப் பூட்டியிருந்தால் நனைந்தாலும் பிழைத்துவிடும். போன சீசனில் என்னோடு வந்த பெடியன் ஒருவனின் ஹவுசிங்குக்குள் தண்ணீர் ததும்பத் ததும்ப நின்றது, கமராவை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு அடுத்த டைவுக்கு எடுத்துக்கொண்டு போனான். முப்பது மீட்டரில் நடந்தால் பிழைக்காது, அது உண்மை.

அனாதை ஹவுசிங் பிரச்சினையும் இதில் குறைவு. 2023ல் வந்த டிஜி-7ம் இதே பிடி-059க்குள் போகும். ஒரு கமரா செத்தால் இன்னொன்றை உள்ளே போடலாம். புதிதாக கிட் வாங்க நினைக்கிறவர்கள் படத்தின் தரத்தோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு ஹவுசிங்கில் எத்தனை கமரா போகும் என்பது காப்புறுதிக் கட்டணத்தைவிடப் பெரிய காசு.

அக்கா, விமானத்தில் போகும்போது ஹவுசிங்கையும் ஸ்ட்ரோப் மூடியையும் இறுகப் பூட்டி அனுப்பாதீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், உள்ளே அடைபட்ட காற்று ஓ-ரிங்கைத் தவறான பக்கம் தள்ளும். பிரதான ஓ-ரிங்கைக் கழற்றித் தனிப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். ஸ்ட்ரோப் பேட்டரிகளை வெளியே எடுத்துக் கைப்பையில் வையுங்கள்.


அலைமகள்

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் ஆகிவிட்டது, என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

சர்வேயர் ஐயா கொடுத்த வாசகத்தை மூன்று கம்பெனிகளுக்கு அனுப்பினேன். ஒன்று பதிலே தரவில்லை. ஒன்று, தண்ணீருக்கடியில் பயன்படுத்தும் எந்தப் பொருளுக்கும் கிடையாது என்று நேராக எழுதிவிட்டது. அந்த ஏஜென்ட் எனக்கு விற்கப் பார்த்தது அந்தக் கம்பெனியின் பாலிசிதான் என்பதைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. மூன்றாவது கம்பெனி, எதிர்பாராமல் தண்ணீர் புகுந்தால் உண்டு, படகிலும் தொட்டியிலும் உண்டு, உலகம் முழுவதும் செல்லும், கட்டணப் பணியையும் சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் ஆண்டுக்கு ஒரு தடவை ஹவுசிங் சர்வீஸ் செய்த பில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு எழுதியிருக்கிறது. தேய்மானம் கழிப்பார்கள், எக்ஸஸ் உண்டு.

அதில் கேமரா, லென்ஸ், இரண்டு ஸ்ட்ரோப், இவ்வளவுதான் போடுகிறேன். ஸ்ட்ரோப்பை விட்டுவிடலாமா என்று யோசித்தேன், ஆனால் 62,000ஐ ஒரே தடவையில் என்னால் போட முடியாது, அதனால் இருக்கட்டும். ஃபோகஸ் லைட்டை விட்டுவிட்டேன், அது போனால் அடுத்த மாதச் சம்பளத்தில் சமாளிக்கலாம். ஹவுசிங், வெட் லென்ஸ், கைகள் எதற்கும் எடுக்கவில்லை. வெட் லென்ஸ் இரண்டையும் கைப்பையில் கொண்டுபோகிறேன், செக்-இன் பெட்டியில் போடப்போவதில்லை.

பிரீமியத்தில் மிச்சமாகிற காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு இரண்டாவது ஏ6400 தேடுகிறேன். பெங்களூரில் ஒருவர் பாடி மட்டும் விற்கிறார், நேரில் போய்ப் பார்க்கப்போகிறேன். ஹந்து அண்ணா, ஹவுசிங்குக்கு என்று வாங்கும்போது பாடியில் எதைப் பார்க்க வேண்டும்?


ஹந்து ஞாயிறு, சிங்கப்பூர்

உங்கள் ஹவுசிங்கையும் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போங்கள். பாடியை உள்ளே வைத்து மூடி, வெளியிலிருந்து ஒவ்வொரு பட்டனையும் டயலையும் அழுத்தித் திருப்பிப் பாருங்கள். வெளியே கையால் அழுத்தும்போது நன்றாக வேலை செய்கிற பட்டன் ஹவுசிங் பட்டனுக்கு மசியாமல் இருப்பதுண்டு, தேய்ந்த பாடியில் இது சகஜம்.

மேலே எம்பி நிற்கிற சின்ன ஃபிளாஷை மறக்காமல் சோதியுங்கள். தரையில் படம் எடுக்கிறவர்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள், விற்பவருக்கே அது கெட்டுப்போனது தெரியாமல் இருக்கலாம். உங்கள் ஃபைபர் வழியாக ஸ்ட்ரோப்பைத் தட்டி எழுப்புவது அதுதான். அடுத்தடுத்துச் சில படம் எடுத்து, ஒவ்வொரு தடவையும் எரிகிறதா, எம்பும் கீல் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிளாஷ் எரியவில்லை என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

பேட்டரிக் கதவையும் கேபிள் போடும் மூடியையும் திறந்து தொடுமுனைகளில் பச்சை, வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சர்வீஸ் பில் நிபந்தனை இருப்பதால், லெம்பே போவதற்கு முன்னாலேயே ஹவுசிங்கை ஒரு தடவை சர்வீஸ் கொடுத்துவிடுங்கள். அக்டோபருக்கு முன்னால் சர்வீஸ் சென்டர்களில் கூட்டம் இருக்கும், இப்போதே கேட்டு வையுங்கள்.